அண்ணனைப் பற்றி நான் எழுதிய தாள்

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு பூசை முடிந்ததும் பட்டாளக் குடும்பங்களுக்கான கூட்டம் பள்ளிக்கூட ஹாலில் நடக்கும். நடத்தியவர், ராணுவத்தில் பல வருடம் சமய போதகராக இருந்து திரும்பிய பாதிரியார். சிப்பாய்களின் மனைவிமார், பெற்றவர்கள் என்று முப்பது பேர் வருவோம். கோயில் கும்பிடுகிற இந்துக்களும் வந்தார்கள். ஜெபம், அப்புறம் டீயும் பன்னும். கடைசியாக, மனதில் இருப்பதைத் தாளில் எழுதி அவரிடம் கொடுக்க வேண்டும்.

"நான் மட்டுந்தான் படிப்பேன். எத்தனை சிப்பாய் மனசு இதுக்குள்ள இருக்கு தெரியுமா?" என்று அங்கிப் பையைத் தட்டிக் காட்டுவார்.

எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதிக் கொடுப்பேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன் நான். அந்த மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது.

அந்த வருடம், பட்டாளத்தில் இருந்த அண்ணன் பனிமலை எல்லையிலிருந்து இரண்டு மாத லீவில் வந்திருந்தார். பன்னீர் திராட்சை பழுத்திருந்த நேரம். கிளி விரட்டப் பக்கத்துப் பந்தலில் வெடி போட்டார்கள். முதல் சத்தத்துக்கே அண்ணன் சேற்றில் குப்புற விழுந்து, காதைப் பொத்திக்கொண்டு கிடந்தார். தூக்கிவிடப் போன என் கையைத் தட்டிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து மதினி மாட்டுக்கொட்டத்தில் வைத்து என்னிடம் சொன்னார்.

"தூக்கத்துல பாய நனச்சுப்புடுறாக கொழுந்தனாரே. யாரும் முழிக்கு முன்ன அலசிப் போட்டுருதேன். கேட்டா வாயே தெறக்க மாட்டேங்காக."

"சாமிகிட்ட எழுதிக் குடுப்போம் மதினி. பட்டாளத்துல இருந்த மனுசன், பக்குவமாப் பேசுவாக."

"வெளிய போயிராதுல்ல?"

"அவுக மட்டுந்தான் படிப்பாக."

மற்றவர்களுக்கு நாலு வரியில் முடிப்பவன், அன்று ஒரு பக்கம் எழுதினேன். சேறு, வெடி, பாய், ஒன்றையும் விடவில்லை. மூன்று முறை அடித்துத் திருத்தி, அந்த மாதக் கூட்டத்தில் பாதிரியார் கையில் கொடுத்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள், கேமராவோடு. அண்ணனைப் பாதிரியாரே கூப்பிட்டுவிட்டிருந்தார். மதினியின் பிடிவாதத்தால் அண்ணன் சவரம் செய்துகொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். தனியே அழைத்துப் பேசப்போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

பாதிரியார் மைக் முன்னால் நின்று என் தாளை விரித்தார்.

"பேர் சொல்ல மாட்டேன். ஒரு வீரனோட வேதனையைக் கேளுங்க."

பிரசங்க ராகத்தில், ஏற்றி இறக்கி வாசித்தார். பாய் வந்த இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த மாதம் ஊரில் லீவில் இருந்த சிப்பாய் ஒரே ஒருவர். பேர் எதற்கு? பின்னால் யாரோ "ச்சூ" கொட்டினார்கள். ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 'கிளிக்கு வைத்த வெடியில் மனிதன் விழுந்தான்' என்ற என் வரி மைக்கில் கேட்டபோது, நன்றாக வந்திருக்கிறதே என்று ஒரு நொடி எனக்குத் தோன்றியது.

கைதட்டினார்கள். அண்ணனை எழுப்பிச் சால்வை போர்த்தினார்கள். அவர் விறைப்பாக நின்றார், பரேடில் நிற்பதுபோல. போட்டோ எடுத்தார்கள். மதினி அதற்கு முன்பே எழுந்து போயிருந்தார்.

பிறகு பிரியாணி. பாதிரியார் நிமிர்ந்து, எச்சில் கையாலேயே என் கன்னத்தைத் தட்டினார்.

"எழுத்துன்னா இதுதாம்ப்பா. அடுத்த வாரம் பக்கத்து ஊர்லயும் வாசிக்கப் போறேன்."

"அதக் குடுங்க சாமி."

"பேரே சொல்லலையேப்பா! எத்தனை பேர் மனசு உருகுச்சு, பாத்தேல்ல?" என்றவர், எலும்பை உறிஞ்சி இலையோரம் வைத்தார்.

அவர் முழங்கைக்கடியில் கிடந்த தாளை உருவிக்கொண்டு வந்தேன். ஓரத்தில் எண்ணெய்க் கறை. கன்னத்தை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் பிசுபிசுத்தது.

டீக்கடையில் ஒருவன் கூப்பிட்டான். "ஏலே, நாளைக்கு எங்க பந்தல்ல வெடி போடுதோம். ஒங்க அண்ணனுக்கு ரெண்டு பாயி சேத்து வாங்கி வையி!" கடையே சிரித்தது.

வீட்டில் அண்ணன் டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். தாளை நீட்டினேன். நின்றபடியே முழுவதும் படித்தார்.

"எழுத்து நல்லாருக்குலே."

"அண்ணே, நான் வந்து..."

"எங்க யூனிட்லயும் இவரப்போல ஒரு போதகரு இருக்காரு. திரும்பிப் போனதும் அவருகிட்டச் சொல்லிப் பாக்கலாம்னுதான் இருந்தேன்."

தாளை அடுப்பில் போட்டார். லீவு இன்னும் பத்தொன்பது நாள் பாக்கியிருக்க, மறுநாள் முதல் பஸ்ஸில் போய்விட்டார். அதன்பின் வந்த கடிதங்களில் 'நலம், நலமறிய ஆவல்' தவிர ஒன்றும் இருக்காது.

அடுத்த இரண்டாம் ஞாயிறு பாதிரியார் ஆள் அனுப்பினார். மதினியைக் கேட்டு அல்ல, என்னைக் கேட்டு. எழுதிக் கொடுக்க ஆள் இல்லையாம், தாளோடு சனம் காத்துக் கிடக்கிறதாம்.

நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். மதினி என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"எழுதுற ஆளு யாரும் இந்த வீட்டுல இல்லைன்னு சொல்லிருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.