ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டேன்

மும்பையில், நெருளிலிருந்து செம்பூருக்கு ஹார்பர் லைன் ரயிலில் போகும்போது மடியில் நோட்டை வைத்து எழுதுவேன். பக்கத்து ஸீட்காரர்கள் கூச்சமே இல்லாமல் எட்டிப் பார்ப்பார்கள். ஒருநாள் ஒருவர், "ஸ்தோத்திரமா?" என்று இந்தியில் கேட்டுவிட்டு, நோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் எழுதிக்கொண்டிருந்தது என் அண்ணனின் சின்ன வீட்டைப் பற்றி. இங்கே என் எழுத்தைப் படிக்க ஆள் கிடையாது. ஊரிலோ வரிக்கு வரி படித்து, யார் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

பதினேழு வயதில் தாராவிக்கு அண்ணனிடம் வந்து சேர்ந்தேன். அவனுக்குத் தோல் பட்டறையில் வேலை. ஊரில் மதினியும் இரண்டு பிள்ளைகளும். கோயில் கொடை விழாவுக்கு வருடம் ஒருமுறை போய்வருவான். இங்கே ஒற்றை அறை, அதில் ஒரு மராட்டிக்காரி. "வைனின்னு கூப்பிடுல," என்றான். அண்ணன் மனைவியை மராட்டியில் அப்படித்தான் அழைப்பார்கள். மூன்று நாள் அவள் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை நான். நான்காம் நாள் பசி ஜெயித்தது. பிறகு பதினோரு வருடம் அவள் போட்ட சோறுதான். எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது வாந்தியைக் கையில் ஏந்தியவளும் அவள்தான். அண்ணன் இறந்து உடலை ஊருக்கு ஏற்றியபோது, வந்திருந்த சொந்தக்காரர்களிடம் அவளைப் "பக்கத்து வீட்டம்மா" என்று சொன்னவன் நான். அதற்கும் அவள் தலையாட்டினாள்.

என் வாழ்க்கையைப் புத்தகமாக்க உட்கார்ந்து, இதையெல்லாம் எழுதி முடித்திருந்தேன். பதினெட்டுப் பக்கம். புத்தகத்தின் உயிரே அதில்தான் இருந்தது. எப்படியோ சேதி போய், ஊரிலிருந்து மதினி போன் செய்தாள்.

"புஸ்தகம் எழுதுதியளாமே தம்பி. நல்லா எழுதுங்க. அந்தப் பொம்பளைய மட்டும் எழுதிராதிய."

"மதினி, ஒங்களுக்கு..."

"எல்லாம் தெரியும். முப்பது வருசமாத் தெரியாதவ மாதிரியே இருந்துட்டேன். இனிமே ஊரு முன்னால என்னத் தெரிஞ்சவளா ஆக்கிராதிய."

மதினி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் மேல்தான் வந்தது. வந்து என்ன? பதினெட்டுப் பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். அந்த இடத்தில் ஒரு வரி சேர்த்தேன்: "தாராவியில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டேன்." உண்மையைச் சொல்கிறேன் பேர்வழி என்று எழுத உட்கார்ந்தவனின் லட்சணம் இது. இந்தக் கட்டுரையைக்கூட வேறு பெயரில்தான் அனுப்புகிறேன்.

புத்தகம் வந்ததும் வைனிக்கு ஒன்று கொண்டுபோனேன். அதே அறையில்தான் இருக்கிறாள். அவளுக்கு எந்த மொழியும் படிக்கத் தெரியாது. "என்னை எழுதினாயா? படி," என்றாள் இந்தியில். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, கிழித்துப்போட்ட பக்கங்களை இந்தியில் சொன்னேன். காமாலையை, நான் தண்ணீர் வாங்காத மூன்று நாட்களை. சந்தேகம் வராமலிருக்க இடையிடையே தாளையும் திருப்பினேன். "மூன்றில்லை, ஐந்து நாள்," என்று திருத்திச் சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மேரா நாம் கிதர்?" என்றாள். பெயரைக் காட்டச் சொல்கிறாள்.

என் விரல் அந்த ஒற்றை வரிக்குப் போய், "மெஸ்ஸில்" என்ற சொல்லில் நின்றது. அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து, அதன்மேல் தன் விரலை வைத்தாள். சொல் முழுக்க விரல் நுனிக்குள் மறைந்துபோனது.

இவ்வளவு சின்னதா என்று கேட்டாள்.

"தமிழில் அவ்வளவுதான், வைனி," என்றேன்.