பச்சைத் துணி கட்டிய மரம்

போன ஞாயிற்றுக்கிழமை ஏர்வாடிப் பக்கம் ஒருவரைத் தேடப் போனேன். இந்த மாதிரி வேலைக்கு என்னைக் கூப்பிடலாமா? வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான்...

காணாமல் போனவர் கமால் பாய். எழுபது வயது, சர்க்கரைக்காரர். மகளோடு தர்காவுக்கு வரும் வழியில் வேனை நிறுத்தச் சொல்லி, சீமைக் கருவேலங்காட்டுக்குள் ஒதுங்கியிருக்கிறார். திரும்பவில்லை. செல்போன் வேனிலேயே கிடந்தது.

"காலைல ஊசி போட்டுட்டு இன்னும் ஒண்ணும் சாப்பிடலண்ணே. அத்தா மயங்கிருவாக" என்று மகள் ரோட்டில் நின்று அழுதாள்.

போலீஸ் ட்ரோன் விட்டது. மேலிருந்து பார்த்தால் கருவேலத்தின் தலைதானே தெரியும்? அதனால்தான் எங்கள் ஞாயிறு நடைக் கோஷ்டிக்கு அழைப்பு. கோஷ்டித் தலைவர் பாம்பன் அந்தோணி.

அவர் ஓர் ஏற்பாடு சொன்னார் — தேடி முடித்த இடத்தில் மரத்தில் துணி கட்ட வேண்டும். துணி இருந்தால் மறுபடி யாரும் அங்கே போக வேண்டாம். தர்கா வாசல் கடையில் சட்டென்று கிடைத்தது பச்சைத் துணி. கிழித்து எடுத்துக்கொண்டோம்.

மதியம் ஆனது. முள் செருப்பைத் துளைத்ததுதான் மிச்சம். எனக்கோ வேறு கவலை... நான் முதலில் கட்டிய முடிச்சு சரியாக இறுகியதா?

"அண்ணே, ஒருதரம் பாத்துட்டு வாரேன்" என்றேன் அந்தோணியிடம்.

"ஏலே, அது என்ன ஒன் வீட்டுப் பூட்டா? தேடாத எடம் அங்கன அம்புட்டுக் கெடக்கு. தேடுன எடத்துக்குப் போறேங்குற!"

போனேன். முடிச்சு அப்படியே இருந்தது. அதற்குக் கீழே கமால் பாய் சாய்ந்து கிடந்தார்!

சட்டையெல்லாம் வேர்வை, கையில் நடுக்கம். எதற்கும் இருக்கட்டும் என்று நான் எப்போதும் சுமக்கும் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பேச்சு வந்தது.

"வழி தெரியாம சுத்திக்கிட்டே இருந்தேன் தம்பி. பச்சைத் துணியப் பாத்ததும் நேர்ச்சை மரம்னு நெனச்சேன். துணி கட்ட யாராச்சும் வருவாகள்ல... அதான் இங்கனயே உக்காந்துட்டேன்."

இனி வர வேண்டாம் என்பதற்கு நாங்கள் கட்டிய துணி. யாராவது வருவார்கள் என்று அவர் நம்பிய துணி. ஏற்பாட்டின்படி ஒழுங்காக நடந்திருந்தால், அந்த மரத்தடியை நாங்கள் மறுபடி எட்டியே பார்த்திருக்க மாட்டோம். இடத்துக்கு அடையாளம் வைத்தோம், சரி. தேடப்படுகிறவருக்கும் கால் உண்டு என்பதை எப்படி மறந்தோம்?

நேற்று அந்த வழியாகப் போனேன். மரத்தில் இப்போது நாலைந்து பச்சைத் துணிகள். யார் யாருடைய நேர்ச்சையோ!

என் முடிச்சை மட்டும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.