யாருக்குப் போட்ட கோடு

நாங்கள் வேலை பார்க்கும் வெளிநாட்டுச் சலவைக்கடையில், இஸ்திரி மேசை முன் அத்தான் நின்றால் ஆவிக்குள் பாதி ஆள்தான் தெரிவார். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து நான் அவரை அப்படித்தான் பார்த்திருக்கிறேன். வெண்மேகத்துக்கு நடுவே ஒரு கை, ஒரு சிரிப்பு. பக்கத்து மேசையில் நான் துணி மடிப்பேன். எனக்குப் பேச்சு வராது. எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

முதலில் அத்தானுக்கு விரல்கள் மரத்துப்போயின. இஸ்திரிப் பெட்டி செய்த வேலை என்று விட்டுவிட்டோம். சில வருஷம் கழித்துக் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கி, மிதந்து போகிறவர் மாதிரி சாய்ந்தே தூங்கினார். பல டாக்டர்களைப் பார்த்த பிறகு ஒரு டாக்டரம்மா கண்டுபிடித்தார். உடம்பில் உண்டாகும் ஒரு புரதம் கெட்டுப்போய், இதயச் சதையில் படிந்து, அதை விறைக்க வைக்கிறதாம்.

“கஞ்சி போட்ட சட்டை மாதிரிங்களா?” என்றார் அத்தான்.

“கிட்டத்தட்ட அதேதான்.”

“ஊருக்கெல்லாம் போட்டேன். எனக்கே போட்டுட்டாங்க.”

அக்கா அவர் தொடையைக் கிள்ளினாள்.

படிவதை மட்டுப்படுத்த மருந்து இருந்தது. ஆனால் இதயம் எவ்வளவு திணறுகிறது என்று காட்டும் ஓர் அளவை ரத்தத்தில் பார்ப்பார்கள். அது ஒரு கோட்டைத் தாண்டினால் நோய் முற்றிவிட்டது, இனிப் பலனில்லை என்று அந்த ஆஸ்பத்திரியில் மருந்து தரமாட்டார்கள். அத்தானுக்குத் தாண்டியிருந்தது.

அன்றிலிருந்து மேசையில் பேச்சில்லை. நான் மடித்து வைத்த போர்வைகள் எல்லாம் யாரோ தூங்குவது போலக் கிடந்தன.

மறுபடி போனபோது, நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். ரொட்டிக்கடை வைத்திருப்பவர். அவருக்கும் அதே நோய்தான். அளவு கோட்டுக்குள் இருந்ததால் மருந்து கிடைத்தது என்றார். கதவிலிருந்து பெஞ்சுக்கு வரவே அவருக்கு மூச்சு வாங்கியது. அத்தான்தான் எழுந்து இடம் கொடுத்தார்.

உள்ளே போனதும் அக்கா டாக்டரம்மாவைப் பிடித்துக்கொண்டாள். “இவர் படியேறி வந்தாரும்மா. வெளிய இருக்கிற வெள்ளைக்காரரால நடக்கவே முடியல. இவருக்கு மட்டும் எப்படி முத்திப்போச்சு?”

“எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கு,” என்றார் டாக்டரம்மா. “கோடு போட்டவங்க பெரும்பாலும் வெள்ளைக்காரங்க ரத்தத்தைத்தான் பாத்தாங்க. ஒரே மாதிரி இதயத்துக்கும் இனத்துக்கு இனம் அளவு மாறலாம். ஏன்னு சரியா தெரியல. உங்க ஊர் ஆளுங்களை யாரும் அவ்வளவா சேத்துப் பாக்கல.”

“அடுத்தவன் அளவுல தச்சதையா எனக்குப் போட்டுப் பாத்தீங்க?” நாளாகிவிட்டது அத்தான் குரலைக் கேட்டு.

டாக்டரம்மா அவரை நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு ஸ்கேன். சாம்பல் நிறத் திரையில் ஏதோ ஒன்று, கனவில் வரும் அந்துப்பூச்சி போல, மெல்லச் சிறகடித்துக்கொண்டிருந்தது. அதுதான் அத்தானின் இதயம் என்றார்கள். நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்தோம்.

“நோய் முத்தல. நான் பொறுப்பெடுத்து எழுதறேன், மருந்தை ஆரம்பிக்கலாம். விறைச்சது இளகாது. மேல படியறது குறையும்.” பிறகு அத்தானிடம் கேட்டார். “ஆராய்ச்சிக்கு இன்னும் கொஞ்சம் ரத்தம் தருவீங்களா? உங்க ஆளுங்களுக்கும் ஒரு கோடு வேணும்.”

அத்தான் சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினார்.

“பாத்து எடுங்கம்மா,” என்றாள் அக்கா. “பேசிப் பேசியே பாதி ரத்தத்தைச் செலவு பண்ணிட்டாரு.”