விமானத்துக்குள் ஒரு ஆள்

கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு நான் சமைத்துக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் தொடக்கம் அது. அவர்கள் ஊரைவிட்டுப் போனபோது, துரைசானியம்மா என் மகளுக்கென்று ஒரு பொம்மை விமானம் கொடுத்தார். உலோகத்தை உருக்கி வார்த்தது. உள்ளங்கையில் அடங்கும், ஆனால் நல்ல கனம். பச்சை வண்ணம், இறக்கைகளில் சிவப்பு வட்டம்.

"ஜப்பான் நேவி பிளேன். சண்டையில வந்தது. என் மகன் ஆசையா வச்சிருந்தான்," என்றார்.

எங்கள் வீடு அட்டுவம்பட்டியில். சாயங்காலம் உருளைக்கிழங்குக் காட்டிலிருந்து திரும்பிய என் வீட்டுக்காரர், மகள் அதைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணத்துக்கு முன்பே என் மாமியார் சொல்லியிருந்தார்: உலக யுத்தத்தின்போது இவரும் இவர் அண்ணனும் திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார்கள், ஜப்பான்காரன் குண்டு போட்டதில் இவர் மட்டும் திரும்பினார் என்று. இவராக அதைப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. விமானத்தைக் கையில் வாங்கியபோது எனக்கு அந்த நினைப்பே வரவில்லை.

"ஏங்க, எடுத்துப் பரண்ல போட்டுரவா?"

அவர் கைகால் கழுவிவிட்டு அடுப்பருகே உட்கார்ந்தார்.

"பாப்பா, அதை இங்க கொண்டா."

வாங்கி, முதலில் கவிழ்த்துத்தான் பார்த்தார். வயிற்றுப் பக்கத்தை விரலால் தடவினார்.

"இந்தப் பக்கந்தான் எனக்குத் தெரியும். வாய்க்காலுக்குள்ள மல்லாக்கக் கெடந்து பாத்தேன்."

மகள் அதை நிமிர்த்திப் பிடித்தாள். "மேல பாருங்கப்பா. உள்ள ஒரு ஆளு உக்காந்திருக்காரு."

கண்ணாடிக் கூண்டுக்குள் அரிசி அளவில் ஒரு தலை. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவனும் சின்னப் பயலாத்தான் இருந்திருப்பான்," என்றார். பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அண்ணன்தான் என்னைய வாய்க்கால்ல தள்ளிவிட்டாரு. இன்னும் ரெண்டு பேரு வெளிய நிக்கிறாங்கன்னு திரும்பி ஓடுனாரு. தேடித் தேடிப் பாத்தோம் புள்ள. உடம்புகூடக் கெடைக்கலை. எப்பவாச்சும் வந்துருவாருன்னே இருந்துட்டேன்."

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மகள் ஒன்றும் புரியாமல் அவர் மடியில் ஏறிக்கொண்டாள். அவளை இறக்கிவிடாமல், ஒரு கையாலேயே சோறு சாப்பிட்டார்.

அந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு, "பழனிக்குப் போவோமா? அண்ணனுக்கு எள்ளும் தண்ணியும் விடணும்," என்றார்.

வெள்ளனே பஸ் ஏறி மலை இறங்கினோம். சண்முக நதிக்கரையில் நல்ல கூட்டம். ஐயர் இறந்தவர் பெயரைக் கேட்டார். இவர் ஈர வேட்டியோடு நிமிர்ந்து நின்றார். பிறகு அண்ணன் பெயரைச் சத்தமாகச் சொன்னார். அந்தப் பெயரை அன்றைக்குத்தான் அவர் வாயால் முதன்முதலாகக் கேட்டேன்.