தெரியாத ஆள் யாரும் வரவில்லை

ஜெயந்தினி டீச்சர் நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைக் கொழுந்து பறித்தவரின் மகள். எங்கள் பள்ளிக்கூடத்தில் பதினேழு வருடமாகப் படிப்பிக்கிறார். ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் தோட்டத்துக் குடியிருப்பான லயத்துக்கே போய்க் கதவைத் தட்டுவார். அவரோடு வேலை பார்ப்பவள் நான். ஒருநாள் நடந்ததை எழுதுகிறேன்.

வேலை தருவதாகக் கூட்டிப்போய்ப் பெண்பிள்ளைகளை விபசாரத்தில் தள்ளும் கும்பல்களைப் பற்றி, பதினோராம் தர வகுப்புக்கு அவர் பாடம் எடுத்தார். நானும் வகுப்பில் இருந்தேன்.

"தெரியாத ஆள் யாராவது வேலை தாறேன்னு உங்ககிட்ட பேசினாங்களா? கை தூக்குங்க."

ஒரு கையும் உயரவில்லை. எங்களுக்குப் பெரிய நிம்மதி. என்ன மடத்தனம்! லயத்தில் தெரியாத ஆள் என்று யார் இருக்கிறார்கள்? கருவாட்டுக்காரர் மாமா, துணி விற்க வருபவர் அண்ணன். ஒருமுறை வந்து தேத்தண்ணி குடித்துவிட்டால் அவருக்கும் ஓர் உறவுமுறை வைத்துவிடுவோம். டீச்சருக்குத்தான் அது முதலில் உறைத்தது.

"சரி, மாமா, அக்கான்னு நீங்க கூப்பிடுற யாராவது? வேலை இருக்கு, வீட்டுல சொல்லாதீங்கன்னு சொன்னாங்களா?"

ஏழு கைகள் உயர்ந்தன.

"வினோதா அக்கா, டீச்சர்," என்றாள் ரூபிகா. "கொழும்புல அழகு நிலையத்துல வேலை பழக்குறாங்களாம். அடையாள அட்டைய அவங்ககிட்டயே குடுத்துடணுமாம்."

வினோதா, ஜெயந்தினி டீச்சரின் பழைய மாணவி. போன பரிசளிப்பு விழாவில், "இவளப் போல வரணும்" என்று மேடையேற்றியவரே டீச்சர்தான். பிள்ளைகள் வரிசையில் நின்று அவளுடைய போன் நம்பர் வாங்கியதைப் பார்த்து நானும் பூரித்துப் போனேன்.

"சுலக்ஷனா எங்க?" வகுப்பில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்து டீச்சர் கேட்டார்.

"காலையிலேயே போயிட்டா டீச்சர். ஹட்டன் பஸ் ஸ்டாண்டுல அக்கா நிப்பாங்கன்னு சொன்னா," என்றாள் ரூபிகா.

டீச்சர் உடனே பொலிசுக்குப் போன் செய்தார். கினிகத்தேனையில் பஸ்ஸை மறித்து இருவரையும் இறக்கினார்கள். டீச்சரும் நானும் ஆட்டோ பிடித்து அங்குள்ள பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வினோதாவின் பையிலிருந்து எடுத்த நான்கு அடையாள அட்டைகள் மேசையில் கிடந்தன. நான்கும் பெண்பிள்ளைகளுடையவை. ஒன்று சுலக்ஷனாவுடையது; மற்ற மூன்று முகங்களை எங்களுக்குத் தெரியாது. அந்த மூன்று பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் வினோதா வாயே திறக்கவில்லை.

சுலக்ஷனாவுக்குச் சிங்களம் வராது. அந்த நேரம் நிலையத்தில் தமிழ் தெரிந்தவர் யாருமில்லை. அதனால் அதிகாரி கேட்பதை டீச்சரே தமிழில் சொன்னார்.

"வினோதா நல்லவள்னு ஒனக்கு யாரு சொன்னதுன்னு கேக்குறாரு."

சுலக்ஷனா விழித்தாள். "நீங்கதானே டீச்சர் சொன்னீங்க."

அதிகாரி பேனாவோடு காத்திருந்தார். பிள்ளை என்ன சொன்னாள் என்று அவருக்குத் தெரியாது. டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, அதைச் சிங்களத்தில் சொன்னார்.

"நான்தான் சொன்னேன், சேர். எழுதிக்கொள்ளுங்கள்."