ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு தாய்மாமன்

ரஹ்மூனா பிறந்தது ஓடைக்கு அந்தப் பக்கம், அல்ஜீரியாவில். வாக்கப்பட்டது இந்தப் பக்கம், மொரோக்கோவின் சயீதியாவில். அப்போது அது ஒரு நடை தூரம். வயிற்றில் மகள் நஜ்வா இருக்கும்போது, மேற்கு சஹாரா யாருக்கு என்ற விவகாரத்தில் இரண்டு அரசாங்கங்களும் முறைத்துக்கொண்டு எல்லையை மூடின. மகள் வளர்ந்து நின்றபோது கட்டிப்பிடித்துக்கொண்டு திறந்தன. ஆறு வருஷத்தில் மறுபடி பூட்டு! பெரிய மனிதர்களின் கோபதாபத்துக்கு இவள் பிறந்த வீடுதானா கிடைத்தது?

இன்று நஜ்வாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் மிலூத் கையேந்தி துஆ செய்யாமல் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள் ரஹ்மூனா. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஓடைக்கரைக்கு வரச்சொல்லி அண்ணனுக்கு டெலிபோனில் சொல்லியாயிற்று. அங்கே ஓடை குறுகல், கத்தினால் கேட்கும். எல்லைக் குடும்பங்களின் கல்யாண வண்டிகள் எல்லாம் அங்கே நின்றுதான் போகும். காவல்காரர்களும் கொஞ்ச நேரம் கண்டுகொள்ள மாட்டார்கள்.

வண்டி நிற்பதற்குள் ரஹ்மூனா குதித்துவிட்டாள். அக்கரையில் வெள்ளை ஜெல்லாபா அங்கியின் தொப்பி முகத்தை மறைக்க ஒருவர்!

"அண்ணே! வந்துட்டியா! பாரு, உன் மருமகளைப் பாரு!"

நஜ்வா முக்காட்டை விலக்கினாள். அந்த மனிதர் ஒரு கணம் தயங்கிவிட்டு இரண்டு கையையும் ஏந்தினார். இங்கே எல்லாரும் ஆமீன் சொன்னார்கள். ரஹ்மூனா போட்ட குலவை இரண்டு நாட்டுக்கும் கேட்டிருக்கும்.

அப்போது அக்கரையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவன் மூச்சிரைக்கக் கத்தினான்.

"அடியே ரஹ்மூனா! எனக்கு முன்னாடி எவனுக்குடி குலவை போடுற?"

அந்தக் குரல்! மிலூத்தேதான். ரஹ்மூனாவுக்கு வெட்கமும் சிரிப்பும் பிடுங்கித் தின்றன.

"அப்ப நீங்க யாருய்யா?"

"என் தங்கச்சி யமீனாவைத் தேடி வந்தேம்மா," என்றார் அந்த மனிதர். "உங்க பக்கம் அஹ்ஃபீர் ஊர்ல இருக்கா. மாசக்கணக்கா ஓடைக்கரைக்கு வரல. நீ அண்ணேன்னு கூப்பிட்டதும் இல்லைன்னு சொல்ல வாய் வரல."

மிலூத் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "என் வேலையைப் பாதி முடிச்சிட்டீரு. மீதியையும் சேர்ந்தே முடிப்போம், வாரும்." நான்கு கைகள் உயர்ந்தன. ரஹ்மூனா விம்மி விம்மி அழுதாள். ஒரு தாய்மாமனுக்கு ஏங்கி வந்தவளுக்கு இரண்டு பேர். சந்தோஷம் தாங்க முடியவில்லை.

காவல்காரர் விசிலடித்தார். அந்த மனிதர் பதறிப்போய்க் கத்தினார்: "தாயி! அவளைப் பாத்தா சொல்லு. வர்ற வெள்ளிக்கிழமை அம்மாவைத் தூக்கிட்டாவது வரேன்னு சொல்லு!"

வண்டியில் ஏறியதும் ரஹ்மூனா டிரைவரின் தோளைத் தட்டினாள். "அஹ்ஃபீர்ல நிறுத்து. யமீனா வீட்டைத் தேடணும்."

"மாப்பிள்ளை வீட்ல காத்துக்கிட்டு இருப்பாங்களே, அத்தை!" என்றான் டிரைவர்.

"காத்திருக்கட்டும்," என்றாள் நஜ்வா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டே. "அவங்க காலையிலேர்ந்து மட்டும்தானே காத்திருக்காங்க."