ஒரு பக்கத்துக்கு இரண்டு ஃபிரேம்வொர்க்

மீனவர் சங்க நிர்வாகத்தில் இருக்கிற எனக்குப் போன வெள்ளிக்கிழமை பின்னேரம் றிசானா போன் எடுத்தார். இறக்கக்கண்டி ஊர்ப் பிள்ளை. கணவர் பலநாள் படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர்.

"ஐயா, சங்கத்து இணையப் பக்கம் திறக்குதே இல்ல. வெள்ளையாக் கிடக்கு, வட்டம் மட்டும் சுத்துது. இஞ்ச காத்து இரையுது. அவர்ட போட் கதைச்சதா எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுவீங்களா?"

கேட்டேன். மத்தியானம் சங்கத்து ரேடியோவில் கதைத்திருக்கிறார்கள், சுகம். சொன்னதும் அவருக்கு மூச்சு வந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது... இன்னும் போகவில்லை.

அந்தப் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? படகின் பெயர். கடைசியாகக் கதைத்த நேரம். அவ்வளவுதான். வீட்டார் காற்றிலும் மழையிலும் ஓடிவந்து சங்க வாசலில் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் அதைச் செய்யச் சொன்னோம்.

செய்ய வந்தவர்கள் இருவர். எங்கள் தலைவர், எல்லோருக்கும் அண்ணன் முறையான கபூர் காக்காவின் மருமகன் இர்பான். செயலாளரின் மகன் சுஜீவன். இணையப் பக்கம் கட்ட ஃபிரேம்வொர்க் என்று ஆயத்தச் சட்டகங்கள் உண்டாம். இர்பானுக்கு ரியாக்ட் என்ற சட்டகம்தான் வேண்டும். சுஜீவனுக்கு வியூதான் வேண்டும். மூன்று கூட்டம் இதே கதை.

"ஊரில எந்தப் போன் வச்சிருக்கினம் எண்டு ஆராவது கேட்டனீங்களா?" என்றேன்.

"அதைப் பிறகு பாப்பம் ஐயா. முதல்ல வோட்டுக்கு விடுவம்" என்றார் கபூர் காக்கா.

எங்கள் சங்கத்தில் கை தூக்காமல் தேநீருக்குச் சீனி கூடப் போடுவதில்லை. வலை இழுத்துக் காய்த்த பத்துக் கைகள் ஜாவாஸ்கிரிப்ட் சட்டகத்துக்காக உயர்ந்தன — மருமகனுக்கு ஐந்து, மகனுக்கு ஐந்து. பதினோராவது ஆள் நான். "எனக்கு ரெண்டும் வேண்டாம்" என்றேன். செல்லாத வாக்கு என்று எழுதிக்கொண்டார்கள்.

கபூர் காக்கா தீர்ப்புச் சொன்னார்: "ரெண்டும் நம்மட புள்ளையள். ஒருத்தர்ட மனமும் நோகப்படாது. பக்கத்தில மேல்பாதி இவர், கீழ்பாதி அவர்."

எல்லோரும் கை தட்டினார்கள். ஆகவே பக்கத்தைத் திறந்தால் இரண்டு சட்டகமும் சேர்ந்து போனுக்குள் இறங்க வேண்டும். யார் மனமும் நோகவில்லை — கடலைப் பார்த்துக்கொண்டு போனோடு இருந்த றிசானாவின் மனத்தைத் தவிர!

ஏன் இப்படி? ஒரு பொருளை யார் பாவிக்கப் போகிறார் என்று பார்க்காமல், யார் கொண்டுவந்தார் என்று பார்த்தே தெரிவு செய்கிறோம். ரோட்டும் அப்படித்தான், பஸ் தரிப்பிடமும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு றிசானாவையும் வரச் சொன்னேன். அவருடைய கண்ணாடி வெடித்த போனை மேசையில் வைத்தோம். வட்டம் சுற்றியது. நான் சத்தமாக எண்ணினேன். நூற்றிருபதில் களைத்துப் போனேன்.

"போன் பழசு சேர். புதுசு ஒண்டு வாங்கினா..." என்று இழுத்தார் இர்பான்.

"நீர் வாங்கிக் குடுக்கிறீரா? ஊர் முழுக்கக் குடுப்பீரா?" என்றேன்.

சுஜீவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தார். தேநீர் ஆறுவதற்கு முதல், எந்தச் சட்டகமும் இல்லாமல் வெறும் எழுத்தில் ஒரு பக்கம் செய்தார். தொட்டதும் திறந்தது. படகின் பெயர், நேரம். றிசானா அதை இரண்டு தரம் வாசித்தார்.

கபூர் காக்காவுக்குச் சந்தோசம். "இது எந்த ஃபிரேம்வொர்க் தம்பி?"

"ஒண்டுமில்ல காக்கா."

அவர் முகம் சுருங்கியது. "அப்ப இதை ஆர் முன்மொழியிற?"

இர்பானுக்கு வேறு கவலை. கொழும்பில் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறாராம். "ரியாக்ட் இல்லாம இதைச் செய்தம் எண்டு ஆருக்கு சேர் காட்டுற?"

றிசானா மேசையிலிருந்த போனை எடுத்துக்கொண்டார்.

"எனக்குக் காட்டினாப் போதும், தம்பி."